பங்குனியில் பழமும் பச்சை இலையும்: வன்னியில் சலாது செய்ய என்ன இருக்கிறது?

பாலையடி (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். பங்குனி நடுவில் கனடாவிலிருந்து மாமி குடும்பம் வருகிறது. மச்சாள்மார் இரண்டு பேரும் மச்சம் தொடுவதில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி என்று அம்மா சமாளித்துவிடுவார். ஆனால் பெரிய மச்சாள் போனில் ஒரு படம் அனுப்பி, "இப்படி இலையும் பழமும் பச்சையாகக் கலந்து அங்கே செய்யலாமா?" என்று கேட்டாள். படத்தில் இளம் ஸ்பினாச் இலை, ஸ்ட்ரோபெரி, தோடம்பழச் சுளை, வறுத்த பாதாம், மேலே உதிர்த்துவிட்ட வெள்ளைச் சீஸ். குளிர் முடிந்ததும் அங்கே எல்லா வீட்டிலும் இதுதானாம்.

எங்கள் சந்தையில் ஸ்ட்ரோபெரி கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். சலாது இலை சில நாட்களில் பெரிய கடைகளுக்கு வரும். நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் வந்து இறங்கும்போதே ஓரம் கறுத்துக் கிடக்கும். அதை வாங்கிக் காசைக் கரைக்க விருப்பமில்லை. பங்குனியில் எங்கள் காணியிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடைப்பதை வைத்துச் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள். எந்த இலையைப் பச்சையாகச் சாப்பிடலாம்? எந்தப் பழம் அந்த நேரம் இருக்கும்?

சிவப்புநாடா (வவுனியா)

வல்லாரைச் சம்பல் செய்து கொடு தம்பி. அதுதான் எங்கள் சலாது. விஷயம் முடிந்தது.

பாலையடி (கிளிநொச்சி)

அண்ணை, சம்பல் எனக்கும் தெரியும். அதில் பழம் எங்கே?

சிவப்புநாடா (வவுனியா)

சாப்பிட்ட பிறகு ஒரு வாழைப்பழம் கொடு.

குளக்கட்டு (முள்ளியவளை)

சிவப்புநாடா பகிடி விட்டாலும் பாதி சரியாகத்தான் சொல்கிறார். வல்லாரைதான் அடித்தளம், அதற்கு மேல் பழத்தை ஏற்றலாம். நாங்கள் வீட்டில் செய்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் தம்பி, ஏனென்றால் இதில் சாமான் பட்டியல் பெரிய விஷயமே இல்லை, செய்கிற ஒழுங்குதான் விஷயம்.

ஐந்தாறு பேருக்கு வல்லாரை இரண்டு பெரிய கட்டு. வேரையும் முற்றிய காம்பையும் கிள்ளி எறியுங்கள், இளங்காம்பு இருக்கட்டும். மண் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உப்புக் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, திரும்ப நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு ஒரு துணியில் கொட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஈர இலையை வெட்டினால் நசிந்து சாறு விட்டு, கடைசியில் கோப்பையின் அடியில் பச்சைத் தண்ணீர்தான் நிற்கும். வெட்டிய பிறகு கழுவவே கூடாது.

காய்ந்த இலைகளை ஒன்றாகச் சேர்த்து, சுருட்டுப் போல இறுக்கி உருட்டி, இடது கை விரல்களால் அமத்திப் பிடித்துக்கொண்டு, கூரான கத்தியால் நூல் நூலாக அரிய வேண்டும். கத்தி மொட்டை என்றால் முதலில் அதைத் தீட்டுங்கள். தடிப்பாக அரிந்தால் கைப்பு முன்னுக்கு நிற்கும், வாயில் வைக்கோல் மென்ற மாதிரியும் இருக்கும். மெல்லிதாக அரிந்தால் தேங்காய்ப்பூவோடு சேர்ந்து கைப்பு அடங்கிவிடும்.

சின்ன வெங்காயம் ஏழெட்டை மெல்லிதாகச் சீவி, உப்பும் அரைத் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பிசைந்து தனியே வையுங்கள். வெங்காயத்தின் காரம் இறங்கி இளஞ்சிவப்பு நிறம் வரும். பச்சை மிளகாய் ஒன்று, விதை எடுத்து. வெளிநாட்டுப் பிள்ளைகள் என்றால் அதையும் பாதியாக்குங்கள்.

இனிப் பழம். பப்பாப்பழம் நன்றாகப் பழுத்தது வேண்டாம், செங்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். விரலால் அமத்தினால் கொஞ்சம் கொடுக்கும், ஆனால் குழியாது. ரெட் லேடி இனமாக இருந்தால் சதை இறுக்கமாக நிற்கும், நிறமும் எடுப்பு. அதைச் சின்னச் சதுரமாக வெட்டுங்கள். கொய்யாப்பழத்தில் நடு விதைப்பகுதியை எடுத்துவிட்டு வெளிச்சதையை மட்டும் மெல்லிதாகச் சீவுங்கள். மாதுளை ஒன்று கிடைத்தால் முத்துகளைத் தூவலாம், கிடைக்காவிட்டால் குறையொன்றுமில்லை.

அரைமுடித் தேங்காயை வெள்ளைப் பூவாகத் துருவி, இலையோடு சேர்த்து விரல் நுனியால் கலந்துவிட்டு, அதற்கு மேல் பழத்தைப் போட்டு ஒருமுறை மட்டும் கிளறுங்கள். பிசையக் கூடாது. உப்பும் மீதித் தேசிக்காயும் எல்லோரும் மேசைக்கு வந்து இருந்த பிறகுதான். முதலே விட்டால் உப்பு தண்ணீரை இழுத்துவிடும், புளி பட்ட இலை அரை மணித்தியாலத்தில் பழுப்பேறிவிடும்.

மாசிக்கருவாடு போடாமல் எங்கள் வீட்டில் சம்பல் இறங்காது. உங்கள் மச்சாள்மாருக்கு அது வேண்டாம், அதனால் விட்டுவிட்டேன்.

பனிக்காடு (ரொறன்ரோ)

பாலையடி, உங்கள் மச்சாள் அனுப்பிய படத்தைப் போலவே வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து யாரையாவது கொண்டுவரச் சொல்லலாமே? குளிரூட்டிய பெட்டியில் சலாது இலை, ஸ்ட்ரோபெரி எல்லாம் ஒரு நாள் தாங்கும்.

குழம்பு, அதாவது டிரெஸ்ஸிங், இங்கே நாங்கள் செய்வது: மூன்று பங்கு ஒலிவ் எண்ணெய், ஒரு பங்கு தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் தேன், கடுகு அரைத்தது, உப்பு, மிளகு. போத்தலில் போட்டுக் குலுக்கினால் சரி.

குளக்கட்டு (முள்ளியவளை)

தங்கச்சி, கனடாவில் இருந்து வருகிற பிள்ளைக்குக் கனடாச் சாப்பாட்டையே தேடி வைப்பதில் என்ன இருக்கிறது? அது அங்கே தினமும் சாப்பிடுகிறது.

டிரெஸ்ஸிங் பற்றிச் சொன்னது பயனுள்ளது. ஆனால் தேங்காய்ப்பூ போட்டால் அந்த மூன்று பங்கு எண்ணெய் எதற்கு? கொழுப்பு அதிலேயே இருக்கிறது. தேங்காய்ப்பூ பிடிக்காத ஆட்கள் என்றால் தேங்காய்க் கட்டிப்பால் நாலு மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி, வன்னித் தேன் ஒரு தேக்கரண்டி, உப்பு, இடித்த மிளகு. கட்டிப்பாலில் புளியை மெதுவாக விட்டுக் கலக்குங்கள். பரிமாறுகிற நேரத்தில் கலந்தால் போதும், வைத்திருந்தால் திரைந்துவிடும்.

பனிக்காடு (ரொறன்ரோ)

கட்டிப்பால், தேன், தேசிக்காய். இதை இங்கேயே செய்து பார்க்கலாம் போலிருக்கிறது அக்கா. தமிழ்க்கடையில் வல்லாரை கிடைக்கும், வாடித்தான் இருக்கும்.

வாய்க்கால் (மாங்குளம்)

பருவத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். வன்னியில் அந்த இரண்டு மாதத்தில் கீரைப் பாத்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலையில் தண்ணீர் விட்டாலும் மத்தியானம் தலை தொங்கிவிடும். எங்களுக்குப் பச்சை இலைக் காலம் மாரி முடிந்த கையோடு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி பெய்த மழையின் ஈரம் மண்ணில் இருக்கும், காலபோக வெள்ளாமை வெட்டுகிற நேரம், இரவில் பனி. தை, மாசி, பங்குனி முன்பாதி வரை இலை மெதுவாக இருக்கும். உங்கள் மாமி பங்குனி நடுவில் வருவதால் கடைசி பஸ்ஸைப் பிடித்த கதைதான். கிணற்றடி, வாழையடி நிழலில் நிற்கும் வல்லாரையை இப்போதே பார்த்து வையுங்கள்.

இன்னொன்று. வயல் வரம்பில் வல்லாரை செழித்துக் கிடக்கும், கை பறபறக்கும். பிடுங்க வேண்டாம். வயலுக்கு அடித்த களைநாசினியும் பூச்சிமருந்தும் வரம்புக்கும் தெறித்திருக்கும். அவை கழுவினால் முழுதாகப் போவதில்லை. குளக்கட்டுக்குக் கீழே மாடு மேய்கிற இடத்திலும் அப்படித்தான், சமைப்பது என்றால் வேறு கதை, பச்சையாகச் சாப்பிடுவதற்கு வீட்டுக்காணி இலைதான் நல்லது.

பழத்துக்கு வந்தால், பங்குனியில் பப்பாசியும் கொய்யாவும் நம்பலாம் (குரங்கு விட்டுவைத்தால்). நெல்லு வெட்டிய காணிகளில் போட்ட வத்தகைப்பழமும் பிறகு பிறகு வீதியோரத்துக்கு வரும். மாங்காய் பிஞ்சாக இருக்கும், அதையும் பாவிக்கலாம்.

கச்சான்கொட்டை (முறிகண்டி)

பாதாமுக்குப் பதில் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லையே! பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எல்லா வாகனமும் கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகிறது. ஒரு சரை கச்சானைக் கோதுடைத்து, தோலை ஊதிவிட்டு, இரண்டாகப் பிளக்கிற அளவுக்கு மட்டும் தட்டுங்கள். தூளாக்க வேண்டாம். பரிமாறும்போது மேலே தூவினால் கடைசி வாய் வரை மொறுமொறுப்பு இருக்கும்.

சிவப்புநாடா (வவுனியா)

வன்னி என்கிறீர்கள், பாலைப்பழத்தை ஒருவரும் நினைக்கவில்லை. பாலைப்பழம் இல்லாமல் வன்னிச் சலாதா?

வாய்க்கால் (மாங்குளம்)

பங்குனியில் எந்தப் பாலையில் பழம் பார்த்தீர்கள் அண்ணை? வெயில் ஏறி வைகாசி, ஆனி ஆகட்டும். அப்போதும் அதைச் சலாதுக்குள் போட்டால் பால் ஒட்டி உதடும் இலையும் ஒன்றாகிவிடும். பாலைப்பழத்தைக் கையில் வைத்துச் சாப்பிடுவதுதான் அழகு.

சிவப்புநாடா (வவுனியா)

சரி சரி. ஆனால் உதடு ஒட்டுவது அதன் குற்றமில்லை.

பாலையடி (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் வேலியோரம் பொன்னாங்காணி நிறைய நிற்கிறது, பசளியும் இருக்கிறது. முருங்கை எப்படியும் உண்டு. இவற்றைப் பச்சையாகச் சேர்க்கலாமா? அந்த வெள்ளைச் சீஸுக்கு என்ன செய்வது?

குளக்கட்டு (முள்ளியவளை)

முருங்கையிலை, அகத்தி, முசுட்டை, சண்டி இதெல்லாம் வறைக்கும் சுண்டலுக்கும் உரியவை. பச்சையாக வேண்டாம். பசளி வழவழக்கும், சலாதில் நன்றாக இராது. பொன்னாங்காணிக் கொழுந்தைச் சிலர் சம்பலாகவே அரிந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு அதன் பச்சை மணம் பிடிப்பதில்லை. போடத்தான் வேண்டுமென்றால் வல்லாரை மூன்று பங்குக்கு அது ஒரு பங்கு, கொழுந்து மட்டும். கொத்தமல்லியும் புதினாவும் ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்கள், பப்பாசிக்கு அந்த வாசம் நன்றாகப் பொருந்தும்.

சீஸுக்கு எருமைத்தயிர் இருக்கத் தக்கதாக ஏன் கவலை? கெட்டித்தயிரை மெல்லிய வெள்ளைத்துணியில் கட்டி, உப்பு ஒரு சிட்டிகை போட்டு, பிரிட்ஜுக்குள் ஒரு கிண்ணத்துக்கு மேல் இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். காலையில் துணியைப் பிரித்தால் கத்தியால் வெட்டக்கூடிய பதத்தில் இருக்கும். கரண்டியால் சின்னச் சின்னக் கட்டியாக எடுத்து மேலே வையுங்கள். வடிந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அதற்குள் உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு மோராகக் குடிக்கலாம்.

தயிர் வைத்தால் தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டும் கூடினால் இலை மறைந்துவிடும்.

வெள்ளைத்தொப்பி (வவுனியா)

வைத்தியசாலையில் வேலை செய்கிறேன், அந்தக் கண்ணோடு சில விஷயம்.

வவுனியா மாவட்டத்திலும் அதைத் தொட்ட அனுராதபுரப் பக்கத்திலும் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் பலர். உங்கள் வீட்டுச் சபையில் அப்படி யாராவது பெரியவர் இருந்தால், பச்சை இலையும் பப்பாசியும் கொய்யாவும் கச்சானும் சேர்ந்த இந்தக் கோப்பை அவருக்குப் பொட்டாசியச் சுமை. அவருக்கு வேறாக, கீரையை நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுச் செய்த வறைதான் பாதுகாப்பு, அதுவும் அவருடைய டொக்டர் சொன்ன அளவில். புளிப்புக்கு அழகாக இருக்கிறது என்று நட்சத்திரப்பழம் வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அது விடாத விக்கலில் தொடங்கி மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது அதன் நச்சுப்பொருள் உடம்பிலேயே தங்குவதுதான் காரணம். ஒரு துண்டுகூட வேண்டாம்.

தேன் விட்ட எதையும் ஒரு வயது நிறையாத குழந்தையின் வாயில் வைக்க வேண்டாம். காட்டுத்தேன், கடைத்தேன் எல்லாம் ஒன்றுதான். மாமி குடும்பத்தோடு பேரப்பிள்ளையும் வந்தால் ஞாபகம் வையுங்கள்.

கழுவுகிற தண்ணீரையும் கவனியுங்கள். உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டால் பூச்சியும் அட்டையும் கழன்று வரும், கிருமி எல்லாம் செத்துவிடாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வயிறு எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குப் பழகியதும் இல்லை. கடைசி அலசலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் பாவியுங்கள். கங்குன் மாதிரித் தண்ணீருக்குள் வளரும் இலையைப் பச்சையாகப் போட வேண்டாம்.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இலேசில் எடுக்காது. கொய்யாவிலும் தேசிக்காயிலும் உள்ள விற்றமின் சி அதற்கு உதவும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது, தோடம்பழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்த உதவி குறைந்துவிடும். ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம், தெரியும்.

சிவப்புநாடா (வவுனியா)

பிளேன்ரீயில் கை வைக்காதீர்கள் மிஸ்.

குளக்கட்டு (முள்ளியவளை)

நட்சத்திரப்பழ விஷயம் எனக்குப் புதிது. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மரம் நிற்கிறது, சொல்லி வைக்கிறேன்.

கிணற்றடி (புதுக்குடியிருப்பு)

நான் இடையில் புகுகிறேன். இலை கைக்கும் என்று பயந்தால் இன்னொரு வழி இருக்கிறது, இலையைக் குறைத்துக் காயைக் கூட்டுவது. பிஞ்சு மாங்காயைத் தோலோடு மெல்லிதாகச் சீவி, கெக்கரிக்காயை விதை எடுத்து அதே அளவுக்குச் சீவி, புதினா, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் இடித்தது, உப்பு. மாங்காயே புளிப்பு என்பதால் தேசிக்காய் தேவையில்லை. சாப்பிடுகிற நேரம் வத்தகைத் துண்டுகள் மேலே. வத்தகையை முதலே வெட்டி வடிதட்டில் வைத்துத் தண்ணீரை இறக்கிவிடுங்கள், அந்தத் தண்ணீர் பிள்ளைகளுக்குக் குடிக்க.

வல்லாரைக் கோப்பை ஒன்று, இது ஒன்று என்று இரண்டையும் வைத்தால் எந்தப் பிள்ளையும் ஏதோ ஒன்றில் விழும்.

பனிக்காடு (ரொறன்ரோ)

கிணற்றடி, மாங்காய் தோலோடா? பால் கசக்காதா?

கிணற்றடி (புதுக்குடியிருப்பு)

காம்புப் பக்கத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு கழுவிச் சீவுங்கள். கொட்டை முற்றாத பிஞ்சில்தான் தோல் நன்றாக இருக்கும். கொட்டை கடினமாகிவிட்டால் தோலைச் சீவிவிடுங்கள்.

வாய்க்கால் (மாங்குளம்)

சலாது இலையே வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வருடத்துக்குத்தான். உருண்டைக் கோவா மாதிரிக் கட்டுகிற இனம் எங்கள் சூட்டுக்குச் சரிவராது, தளர் இலை இனம் வாங்குங்கள். கார்த்திகைக் கடைசியில் தட்டில் நாற்றுப் போட்டு, அடைமழை படாமல் கூரைத் தாழ்வாரத்தில் வைத்து, மார்கழியில் உயரமான பாத்தியிலோ சாக்கிலோ நடலாம். மேலே நிழல்வலை. தையில் வெளி இலையிலிருந்து கிள்ளத் தொடங்கலாம். மாசிக் கடைசியில் சூடு ஏற நடுத்தண்டு எழும்பும். எழும்பினால் இலை கைக்கத் தொடங்கிவிடும், அதோடு பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். அதற்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்டால், என் காணியில் நான் படுவதில்லை. வல்லாரை தன்பாட்டில் படருகிறது.

பாலையடி (கிளிநொச்சி)

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தீர்மானம் இது: குளக்கட்டு அக்காவின் வல்லாரை, பப்பாசி, கொய்யா ஒரு கோப்பை, மேலே கட்டின தயிரும் கச்சானும். மற்றது கிணற்றடியின் மாங்காய். தேங்காய் விலையைச் சொல்லி அம்மா கட்டிப்பாலை மறுத்துவிட்டார், பூ மட்டும்தான். அம்மப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கொஞ்சம் பிரச்சினை, அவருக்கு அவித்த கீரையில் வறை. மாமி ஆட்கள் வருவதற்கு முதலே ஒத்திகையாகச் செய்துவிடலாம் என்று இன்று மத்தியானம் ஒருமுறை செய்தோம். பப்பாசி சரியான பதத்தில் கிடைத்தது. தங்கச்சி கச்சானையும் மாதுளையையும் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகுதான் இலைக்கு வந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்.

கேள்வி ஒன்று மட்டும் மிச்சம். எங்கள் வல்லாரைத் துண்டு சின்னது, இரண்டு கோப்பைக்குக் காணாது போல. மூன்று கிழமைக்குள் கூட்ட முடியுமா?

வாய்க்கால் (மாங்குளம்)

மூன்று கிழமையில் பெரிதாகப் படராது. இருக்கிறதை இப்போது கிள்ளாமல் விடுங்கள். காலை மாலை தண்ணீர், மேலே ஒரு தென்னோலை சாய்த்து நிழல். காய்ந்த சாணி உரம் இப்போது போட வேண்டாம், பச்சையாகச் சாப்பிடப் போகிற இலை. காணாவிட்டால் மிச்சத்துக்குச் சந்தையில் ஒரு கட்டு வாங்குங்கள். காலை ஆறரைக்கு முதல் போனால்தான் ஈரத்தோடு கிடைக்கும். சமையல் முடிந்த பிறகு, கணுவில் வேர்விட்ட கொடியாகப் பார்த்துப் பத்துப் பதினைந்து துண்டு வெட்டி, கிணற்றடியில் சவர்க்காரத் தண்ணீர் ஓடாத பக்கமாக ஒரு சாண் இடைவெளியில் நட்டுவிடுங்கள். கோடையில் வாடித்தான் கிடக்கும், வேர் சாகாமல் பார்த்துக்கொண்டால் ஐப்பசி மழையோடு எழும்பும்.

சிவப்புநாடா (வவுனியா)

எனக்கும் ஒரு பத்துத் துண்டு வேண்டும் தம்பி. கிளிநொச்சி வரும்போது எடுக்கிறேன்.